கேள்வி: இவ்வளவு பிரமாண்டமாக சூப்பர் ஹீரோ படங்கள் வந்த பிறகும், காமிக்ஸ் படிப்பவர்கள் ஏன் "புத்தகம் மாதிரி இல்லை" என்று குறை சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்?

கேள்வி கேட்டவர் சமீபத்தில் யாரோ ஒரு காமிக்ஸ் பைத்தியத்தோடு தியேட்டருக்குப் போய் மாட்டியிருக்கிறார் என்று நினைக்கிறேன். இடைவேளையில் பாப்கார்ன் வரிசையில் நிற்கும்போது "புத்தகத்தில் இந்த வில்லன் இப்படிச் சாகவே மாட்டான்" என்று ஆரம்பித்தவர், வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுக்கும்வரை நிறுத்தியிருக்க மாட்டார். உங்களைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆள் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அதற்கு முன் ஒன்று. நான் பெண், ஐம்பதைத் தாண்டியவள். இங்கே காமிக்ஸ் பற்றி எழுதினாலே "பெண் பெயரில் ஐடி எதற்கு சார்?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். பெண்கள் காமிக்ஸ் படிக்க மாட்டார்களாம். அய்யா, 1984 ஜூலையில் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் முதல் இதழ் வந்தபோது அதன் அட்டையில் இருந்த பெயரே "கத்தி முனையில் மாடஸ்டி". ஒரு பெண்ணை வைத்துத்தான் பிள்ளையார் சுழியே போட்டார்கள். நான் அப்போது பள்ளிக்கூடம் போகும் பிள்ளை. கோவில்பட்டியில் எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடையில் கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப்பில் புத்தகங்களைத் தொங்கவிட்டிருப்பார்கள். அண்ணன்தான் வாங்கிவருவான். அவன் முடிக்கும்வரை நான் காத்திருக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். அந்த ஒரு புத்தகத்துக்கு மட்டும் சட்டம் செல்லவில்லை. நான் முதலில் பிடுங்கிக்கொண்டேன்.

மாடஸ்டி பிளைஸியைத் தெரியாதவர்களுக்காக: லண்டன் ஈவினிங் ஸ்டாண்டர்ட் என்ற மாலைப் பத்திரிகையில் 1963 மே 13 அன்று தொடங்கிய தினசரித் தொடர். எழுதியவர் பீட்டர் ஓ'டானல், முதலில் வரைந்தவர் ஜிம் ஹோல்டவே. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஓ'டானல் இளம் சிப்பாயாக ஈரானில் இருந்தபோது, அகதிக் கூட்டத்திலிருந்து விலகித் தனியாக வந்த ஒரு சிறுமியைப் பார்த்திருக்கிறார். கழுத்தில் ஒரு கயிறு, அதில் மரத்துண்டில் ஆணியைக் கம்பியால் இறுக்கிக் கட்டிய ஒரு ஆயுதம். ராணுவ உணவு டப்பாக்களைக் கொடுத்ததும் வாங்கிக்கொண்டு தன் வழியே போய்விட்டாளாம். இருபது வருடம் கழித்து அந்தப் பெண்தான் மாடஸ்டி ஆனாள்.

கதையில் மாடஸ்டி இருபதுகளிலேயே பெரிய குற்றக் கும்பல் ஒன்றை நடத்தி, பணம் சேர்த்து, ஓய்வும் பெற்றுவிட்டவள். போரடித்துப்போய் பிரிட்டிஷ் உளவுத்துறைக்காகச் சில வேலைகள் செய்கிறாள். கூடவே வில்லி கார்வின், கத்தி எறிவதில் கில்லாடி. அவளை "இளவரசி" என்றுதான் கூப்பிடுவான். உயிரைக் கொடுப்பான், ஆனால் காதல் கிடையாது. கடைசிவரை கிடையாது. 2001 வரை தொடர் ஓடியது, பத்தாயிரம் நாள்களுக்கும் மேல் துண்டு துண்டாக வந்தது, அது போகப் பதின்மூன்று புத்தகங்கள் வேறு. இத்தனையிலும் அந்த இருவரையும் ஆசிரியர் ஜோடி சேர்க்கவில்லை.

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது சொன்னால் புரியாது. எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுப் பையனிடம் கணக்கு நோட்டு வாங்கினால் அம்மா வாசலில் வந்து நிற்பாள். இங்கே ஒருத்தி கொண்டைக்குள் "காங்கோ" என்ற குட்டி மரக்கட்டையை ஒளித்து வைத்துக்கொண்டு, ஒரு ஆம்பளையோடு ஊர் ஊராகச் சுற்றுகிறாள். அவனும் அவளை மரியாதையோடு நடத்துகிறான், அதைப் பற்றி யாரும் கதையில் பேசுவதே இல்லை.

இப்போது படத்துக்கு வருகிறேன். 1966இல் ஜோசப் லோசி இயக்கத்தில் மாடஸ்டி படம் வந்தது. இத்தாலிய நடிகை மோனிகா விட்டி மாடஸ்டி, டெரன்ஸ் ஸ்டாம்ப் கார்வின், டர்க் போகார்ட் வில்லன். பெயர்களைப் பாருங்கள், சாதாரண ஆட்கள் இல்லை. எனக்கு அது கையில் கிடைத்தது டிவிடி காலத்தில். அண்ணன் அப்போது மதுரையில் இருந்தான். பொங்கலுக்கு ஊருக்கு வந்தவனை உட்காரவைத்து, பிள்ளைகளை வெளியே விரட்டி, மின்விசிறியைக் கூட்டி, ஏதோ குலதெய்வத்தைப் பார்க்கப்போகிற மாதிரி படத்தைப் போட்டேன்.

ஒரே காட்சிக்குள் மாடஸ்டியின் முடியும் உடையும் திடீர் திடீர் என்று மாறுகின்றன. வில்லன் வெள்ளை விக் வைத்துக்கொண்டு, பெண்கள் பிடிக்கும் பூக்குடை பிடித்து நடக்கிறார். இயக்குநர் அதைக் கிண்டலாகச் செய்கிறார் என்று புரிந்தது. அறுபதுகளின் உளவாளிப் படங்களை நையாண்டி செய்கிறாராம். சரி, இருக்கட்டும் என்று பொறுத்துக்கொண்டேன். அப்புறம் மாடஸ்டியும் கார்வினும் டூயட் பாட ஆரம்பித்தார்கள். நிஜமாகவே. நம் காதலைப் பற்றி யோசித்தால் என்ன என்கிற ரீதியில் ஒரு பாட்டு.

அண்ணன் எழுந்துவிட்டான். "பாப்பா, இது நம்ம ஆளு இல்லை, வேற யாரோ" என்று சொல்லிவிட்டு வாசலில் கரும்பு கடிக்கப் போய்விட்டான். அவன் ஸ்பைடர் கட்சி, மாடஸ்டியைச் சும்மா சீண்டிக்கொண்டே இருப்பவன். அவனுக்கே தாங்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்துக்கு முதலில் திரைக்கதை எழுதியவரும் ஓ'டானல்தான். மற்றவர்கள் மாற்றி மாற்றி எழுதி, கடைசியில் தான் எழுதியதில் ஒரே ஒரு வசனம்தான் மிஞ்சியது என்று அவரே பின்னாளில் நொந்துபோய்ச் சொல்லியிருக்கிறார். அந்தத் திரைக்கதையைத்தான் அவர் நாவலாக எழுதி 1965இல், படத்துக்கு முன்பே, வெளியிட்டார். நாவல் பிய்த்துக்கொண்டு போனது. பல்ப் ஃபிக்‌ஷன் படத்தில் ஜான் ட்ரவோல்டா கழிவறையில் உட்கார்ந்து படிப்பாரே, அந்தப் புத்தகம் இதுதான்.

இதனால் நான் சொல்ல வருவது, மாற்றினால் கோபம் என்பதில்லை. இங்கேதான் எங்களைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஸ்பைடர்மேன் கதையில் பீட்டர் பார்க்கர் சிலந்தி வலை வீசும் கருவியைத் தானே செய்துகொள்வான். 2002 படத்தில் வலை அவன் மணிக்கட்டிலிருந்தே வந்தது. வெளிநாட்டு ரசிகர்கள் அப்போது ஒரே ரகளை. எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. ஏனென்றால் அடுத்த பாகத்தில் அதே பையன் பீட்சாவை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாமல் வேலையை இழக்கிறான், வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரரிடம் ஒளிகிறான். பீட்டர் பார்க்கர் என்றால் அதுதான். உலகத்தைக் காப்பாற்றிவிட்டு மாதக் கடைசியில் கையைப் பிசைகிறவன். கருவியை எடுத்துவிட்டார்கள், ஆளை விட்டுவைத்தார்கள். மாடஸ்டி படத்தில் கொண்டை, கத்தி, கார்வின் எல்லாம் இருந்தன, ஆள் மட்டும் இல்லை. அந்தப் படத்தை எடுத்தவர்களுக்குத் தாங்கள் எடுக்கும் கதையின் மேலேயே கொஞ்சம் வெட்கம் இருந்திருக்கிறது. "இது பொம்மைக் கதை என்று எங்களுக்கும் தெரியும்" என்று கண்ணடித்துக்கொண்டே எடுத்திருக்கிறார்கள். படிக்கிறவனுக்கு அதுதான் சுடும்.

(மார்வெல் ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். எண்ட்கேம் பார்த்து என் மகளோடு சேர்ந்து அழுதவள் நான். லோசி பெரிய இயக்குநர் என்பதும் தெரியும். அவருடைய மற்ற படங்களைப் பற்றி நான் பேசவில்லை.)

2004இல் மாடஸ்டிக்கு இன்னொரு படம் வந்தது, நிறைய பேருக்குத் தெரியாது. புகாரெஸ்ட்டில் பதினெட்டே நாளில் எடுத்த, கைச்செலவுப் பணத்தில் எடுத்தது போன்ற படம். அலெக்ஸாண்ட்ரா ஸ்டேடன் என்ற ஒல்லிப் பெண் மாடஸ்டி. கார்வின் கிடையாது, கதை அவர்கள் சந்திப்பதற்கு முன் நடக்கிறது. ஒரு சூதாட்ட விடுதியில், ஒரே ராத்திரியில், துப்பாக்கிக்காரர்கள் முன் உட்கார்ந்து தன் சின்ன வயதுக் கதையைச் சொல்லிக்கொண்டே நேரத்தைக் கடத்துகிறாள். சண்டை கடைசியில் கொஞ்சம்தான். முதல் படத்துக்குச் செலவழித்ததில் கால்வாசிகூட இதற்கு ஆகியிருக்காது. ஆனால் அந்த அகதிச் சிறுமி அதில் இருந்தாள். அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "ஸ்பைடரை எப்போ எடுப்பாங்களாம்?" என்றான்.

அவன் ஸ்பைடர் என்று சொல்வது மார்வெல் ஆள் இல்லை. கூர்மண்டை, நீளக் காது, கறுப்புச் சட்டை, முதலில் கொள்ளைக்காரனாக இருந்து பிறகு கொள்ளைக்காரர்களைப் பிடிக்கிறவனாக மாறிய பிரிட்டிஷ் ஸ்பைடர். அந்தக் கதைகளில் நிறையவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். 1938இல் சூப்பர்மேனின் முழு உரிமையையும் 130 டாலருக்கு விற்றுவிட்டு, பிறகு காலம் முழுக்கக் கோர்ட்டுக்கு நடந்தவர். அறுபதுகளில் பிரிட்டிஷ் வாரப் பத்திரிகைக்கு ஸ்பைடர் எழுதினார். சூப்பர்மேன் படம் பெரிதாக வரப்போகிறது என்ற நிலையில், 1975இல்தான், ஊர் உலகமெல்லாம் சத்தம் போட்ட பிறகு, அவருக்கும் கூடச் சேர்ந்து சூப்பர்மேனை உருவாக்கிய ஓவியர் ஷூஸ்டருக்கும் வருடத்துக்கு ஆளுக்கு 20,000 டாலர் தருவதாக, உரிமையை வைத்திருந்த கம்பெனி இறங்கி வந்தது. படத்தின் பட்ஜெட்டைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் இதெல்லாம் டீச் செலவு. "இத்தனை பிரமாண்டமாக" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பிரமாண்டம் எந்தப் பக்கம் நின்றது என்பதற்காகச் சொன்னேன்.

இந்த இடத்தில் சம்பந்தமில்லாமல் ஒன்று சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. பழைய கதைகளை இப்போது பெரிய சைஸில், நல்ல தாளில் மறுபதிப்பு செய்கிறார்கள். சந்தா கட்டி வாங்குகிறேன். கூரியர்காரர்கள் படுத்தும் பாடு இருக்கிறதே! நான் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், கதவு திறந்திருக்கிறது, நாய்கூடக் கிடையாது. போனில் "வீடு பூட்டியிருந்தது" என்று குறுஞ்செய்தி வருகிறது. ஆபீஸுக்குப் போனால் "நாளைக்கு வாங்க மேடம்". நாளைக்குப் போனால் பார்சலின் மேல் யாரோ டீ டம்ளரை வைத்து வட்டம் போட்டிருக்கிறார்கள். கெட்டி அட்டைப் புத்தகம், மூலை மடங்கியிருக்கிறது. "பொம்மை புக்தானே மேடம், உள்ள நல்லாதான் இருக்கு" என்கிறார் கவுன்டரில் இருந்தவர். நாற்பது வருடமாக இதே வாக்கியத்தைச் சித்தப்பா, பள்ளிக்கூட டீச்சர், கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் என்று எல்லாரிடமும் கேட்டாயிற்று, கூரியர் பாக்கி இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இன்னொரு காரணமும் இருக்கிறது, இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. சில கதைகள் காகிதத்தில்தான் நிற்கும். இரும்புக்கை மாயாவியை எடுத்துக்கொள்ளுங்கள். 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியதே அவரை வைத்துத்தான். ஆய்வுக்கூட உதவியாளர் லூயிஸ் கிராண்டெலுக்கு வலது கை போய், இரும்புக்கை பொருத்துகிறார்கள். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் தெரியும். ஜீஸஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிஷ் ஓவியர் கறுப்பு வெள்ளையில் வரைந்திருப்பார். ஒரு கட்டத்தில் விரல்கள் மின் பிளக்கை நோக்கிப் போகும். அடுத்த கட்டத்தில் அறை காலி, நடுவில் கை மட்டும். அந்த இரண்டு கட்டங்களுக்கும் நடுவே இருக்கும் வெள்ளைக் கோட்டில்தான் ஆள் மறைவார். மறைத்தது யார்? நான்தான், என் வேகத்தில். எனக்குப் பிடித்த இடத்தில் நின்று, திரும்பிப் போய் மறுபடி மறைத்துப் பார்ப்பேன். திரையில் அதை இரண்டு வினாடியில் கம்ப்யூட்டர் மறைத்துக் காட்டிவிடும், நான் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். மாடஸ்டி தொடரும் அப்படித்தான். ஒரு நாளைக்கு மூன்றே கட்டம். நேற்று நடந்ததை ஒரு வரியில் நினைவுபடுத்தி, இன்றைக்கு ஒரு அடி நகர்த்தி, கடைசிக் கட்டத்தில் நாளைக்குக் காத்திருக்க ஒரு கொக்கி. அந்த வேலையை இரண்டரை மணி நேரப் படத்தில் செய்யத் தேவையே இல்லை. கன்னித்தீவு படித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். சிந்துபாத் கரை சேர்ந்துவிட்டால் அடுத்த நாள் பேப்பரை யார் பிரிப்பது?

ஆகவே, உங்களோடு தியேட்டருக்கு வந்த நண்பர் அடுத்த முறை புலம்பினால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: என்ன மாறியது, உடையா, ஆளா? உடை என்றால் பாப்கார்னை நீட்டி வாயை அடையுங்கள். ஆள் என்றால் கொஞ்சம் காது கொடுங்கள்.

எப்படியும் கீழே வந்து யாராவது "இரும்புக்கை மாயாவியைத் தமிழில் எடுத்தால் யார் நடிக்கலாம்?" என்று கேட்கப் போகிறீர்கள். அப்படி ஒரு படம் வருகிறது, வருகிறது என்று பல வருடமாகப் பேச்சு அடிபடுகிறது. யார் வேண்டுமானாலும் நடிக்கட்டும், எப்படியும் முக்கால்வாசி நேரம் முகம் தெரியாது. டூயட் மட்டும் வைத்துவிடாதீர்கள்.