பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெரிய வீல், டயர்: கேள்வி பதில்

கேட்பவர்கள் காரின் மாடல், இப்போதுள்ள டயர் அளவு, ரிம் அகலம், ஆஃப்செட் நான்கையும் எழுதுங்கள். ரிம் அகலத்தின் நடுக்கோட்டுக்கும் காரில் உட்காரும் அதன் முகத்துக்கும் உள்ள தூரம்தான் ஆஃப்செட், மிமீ கணக்கில். அவை இல்லாமல் ‘பொருந்துமா?’ என்று கேட்டால் பதில் சொல்ல வழியில்லை. வீல், டயர், அலைன்மென்ட் மட்டும்தான் என் வேலை. இன்ஜின் கேள்விகளை அந்த வேலை தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: முதல் தலைமுறை டொயோட்டா 86 செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். 215/45 ஆர்17 டயர், 7 அங்குல ரிம், ஆஃப்செட் 48. 18 அங்குலத்துக்கு மாற ஆசை. 8 அங்குல அகலம் ஆஃப்செட் 35 ஒரு செட், 8.5 அகலம் ஆஃப்செட் 45 ஒரு செட் கிடைக்கின்றன. எது சரி? என்ன டயர் போடலாம்?

பதில்: எல்லா விவரமும் கொடுத்திருக்கிறீர்கள், நன்றி. ரிம்மை விட்டுவிட்டு டயரின் வெளி விட்டத்திலிருந்து தொடங்குங்கள். 215/45 ஆர்17 என்றால் டயர் அகலம் 215 மிமீ, பக்கச்சுவர் அதில் 45 சதவீதம், ரிம் 17 அங்குலம். உங்கள் இப்போதைய டயரின் உயரம் 625 மிமீ. 215/40 ஆர்18 போட்டால் 629. 225/40 ஆர்18 போட்டால் 637, அதாவது 2 சதவீதம் கூடுதல். 235/40 ஆர்18 என்றால் 645, 3 சதவீதத்தைத் தாண்டிவிடும். முதல் இரண்டும் சரி. மூன்றாவது வேண்டாம். உரசும் என்பது ஒரு காரணம். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது நிஜத்தில் 103 போய்க்கொண்டிருக்கும் அளவுக்கு அது பிசகும் என்பது இன்னொன்று. கம்பெனியிலிருந்து வரும் மீட்டர் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டக் கூடாது என்பது விதி. பெரிய டயர் அந்த இடைவெளியைத் தின்றுவிடும்.

அடுத்து ஆஃப்செட். இந்த எண் குறையக் குறைய வீல் வெளியே தள்ளி நிற்கும். ரிம் ஓர் அங்குலம் அகலமானால் இரண்டு பக்கமும் 12.7 மிமீ கூடும். 8 அகலம், ஆஃப்செட் 35 போட்டால் வெளி ஓரம் இப்போதைவிட 25.7 மிமீ வெளியே வரும். உள் ஓரம் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே நிற்கும். 8.5 அகலம், ஆஃப்செட் 45 போட்டால் வெளியே 22 மிமீ, உள்ளே 16 மிமீ. இந்த 16தான் ஆபத்து. உங்கள் காரில் முன் சஸ்பென்ஷன் மெக்ஃபெர்சன் வகை. டயரின் உள்பக்கத்தை ஒட்டி ஷாக் அப்சார்பர் நெருக்கமாக நிற்கும். விரலை உள்ளே விட்டுப் பார்த்தாலே எவ்வளவு இடம் என்று தெரிந்துவிடும். வெளிப்பக்கம் உரசினால் சத்தம் கேட்கும். உள்பக்கம் உரசினால் டயர் அறுபட்ட பிறகுதான் தெரியும்.

நானாக இருந்தால் இரண்டையும் விட்டுவிட்டு 8 அகலம், ஆஃப்செட் 40 தேடுவேன். வெளியே 20.7, உள்ளே 4.7. அதில் 215/40 அல்லது 225/40.

எதை வாங்குவதற்கு முன்பும் ஒரு வேலை இருக்கிறது. கார் உங்களிடம் வருவதற்கு முன் என்னென்ன மாற்றப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து நிறுத்தி, மட்கார்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக்கில் டார்ச் அடியுங்கள். வில் மாதிரி பளபளவென்று தேய்ந்த கோடு இருந்தால் இதற்கு முன்பே பெரிய டயர் ஓடியிருக்கிறது. மட்கார்டின் உள் விளிம்பைத் தடவிப் பாருங்கள். மடித்து விட்டிருந்தால் பெயின்ட்டில் மயிரிழை விரிசல் இருக்கும். ஸ்பிரிங் மாற்றிக் காரை இறக்கியிருந்தால் நான் மேலே கொடுத்த எண்களில் இருக்கும் இடம் உங்களுக்குக் கிடைக்காது.

கேள்வி: அதே கார், 20 அங்குலம் போடலாமா சார்?

பதில்: வேண்டாம். அதே 625 மிமீ உயரத்துக்குள் 20 அங்குல ரிம் வைத்தால் பக்கச்சுவருக்கு 59 மிமீதான் மிஞ்சும். இப்போது இருப்பது 97. முதல் பள்ளத்திலேயே ரிம் வளையும்.

கேள்வி: நான் வாங்கிய அலாயின் நடுத்துளை 73.1, அதில் நுழையும் காரின் ஹப் 56.1 மிமீ. நட் கூம்பு வடிவம்தானே, அதுவே நடுவில் நிறுத்திவிடும், இடைவெளியை அடைக்கும் ரிங் தேவையில்லை என்கிறார் விற்றவர். ஆனால் வேகம் கூடினால் ஸ்டியரிங் நடுங்குகிறது.

பதில்: ரிங் போடுங்கள். வெளி விட்டம் 73.1, உள் விட்டம் 56.1. காரின் எடையைச் சுமப்பது ரிங் இல்லை. நட் இறுக்குவதால் வீலுக்கும் ஹப்புக்கும் இடையே வரும் பிடிதான். ஆனால் இறுக்கும் நேரத்தில் வீல் சரியாக நடுவில் உட்கார ரிங் உதவுகிறது. அது இல்லாமல் வீல் தொங்கிய நிலையில் ஒரு நட்டை முழுக்க முறுக்கிவிட்டால் அரை மில்லிமீட்டர் விலகினாலும் நடுங்கும். ஹப்பில் துரு இருந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்த பிறகு மாட்டுங்கள். நட்டின் உட்காரும் வடிவத்தையும் பாருங்கள். கூம்பு, உருண்டை, தட்டை என்று மூன்று உண்டு. ஹோண்டாவின் ஒரிஜினல் நட் உருண்டை, வெளியில் வாங்கும் அலாய் பெரும்பாலும் கூம்பு. மாறிப் போட்டால் நட் கழன்றுவிடும்.

கேள்வி: வீலில் 1 கிலோ குறைத்தால் பாடியில் 10 கிலோ குறைத்த மாதிரி என்கிறார்களே? அதனால் அழுத்தி அடித்துச் செய்த லேசான ஃபோர்ஜ்டு வீலுக்கே போகப் போகிறேன்.

பதில்: ஃபோர்ஜ்டு வாங்குங்கள், நல்லது. ஆனால் அந்தப் பத்து மடங்கு கணக்கு தப்பு. டயரின் ஓரத்தில் இருக்கும் 1 கிலோவுக்கு இரண்டு வேலை: காரோடு முன்னே போக வேண்டும், அச்சைச் சுற்றிச் சுழலவும் வேண்டும். தரையைத் தொடும் ட்ரெட் சுற்றும் வேகமும் கார் போகும் வேகமும் ஒன்றுதான். அதனால் சுழற்றுவதற்கும் முன்னே தள்ளுவதற்கும் ஒரே அளவு ஆற்றல். கூட்டினால் 2 கிலோ. அதற்கு மேல் போகவே முடியாது. 18 அங்குல ரிம்மின் ஓரம் மையத்திலிருந்து 229 மிமீ, டயரின் ஓரம் 315 மிமீ. அந்த விகிதத்தை வர்க்கப்படுத்தினால் சுமார் 0.5. ஆக ரிம்மில் 1 கிலோ என்பது அதிகபட்சம் ஒன்றரை கிலோ.

கேள்வி (முந்தைய பதிலுக்கு இன்னொருவர்): கணக்கு என்ன சொன்னாலும் சரி, நான் 18 போட்டதும் கார் மந்தமாகிவிட்டது. நன்றாகவே தெரிகிறது. ஒவ்வொரு வீலும் 2 கிலோ கூடுதல். டயர் 215/45 ஆர்17இலிருந்து 235/40 ஆர்18.

பதில்: நீங்கள் உணர்வது உண்மை. காரணம் வேறு. நான்கு வீலுக்கும் சேர்த்து 8 கிலோ, ஒன்றரை மடங்கு என்றால் 12 கிலோ. 1,250 கிலோ காருக்கு அது ஒரு சதவீதம். ஆனால் உங்கள் டயர் 645 மிமீ உயரம். எல்லா கியரும் 3.2 சதவீதம் நீண்டுவிட்டது. தரையில் இழுவை அதே அளவு குறைந்துவிட்டது. எடையைப் போல மூன்று மடங்கு விளைவு உயரத்திலிருந்தே வருகிறது. அதே ரிம்மில் 215/40 போட்டுப் பாருங்கள், பெரும்பகுதி திரும்பி வரும். ரிம்மின் அகலம் 8 அங்குலம்தானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (முதலில் கேட்டவர்): அப்படியானால் லேசான வீல் வீண் செலவா?

பதில்: அப்படிச் சொல்லவே இல்லை. அதன் பலன் வேறு இடத்தில் இருக்கிறது. பாடியை ஸ்பிரிங் தாங்குகிறது. வீல், டயர், பிரேக் ஆகியவை ஸ்பிரிங்குக்குக் கீழே தரையோடு அடிபடுகின்றன. மேடு பள்ளத்தில் அவற்றைத் துள்ளாமல் பிடிப்பது ஷாக் அப்சார்பர். கம்பெனி எடைக்கு ஏற்றபடி அமைத்த ஷாக்கில் கனமான வீலைக் கட்டினால், கரடான வளைவில் டயர் தரையை விட்டு விட்டுத் தொடும். அங்கேதான் பிடிப்பு போகிறது. லேசான வீல் வாங்க இது ஒன்றே போதும், பத்து மடங்கு கதை தேவையில்லை. விற்பவரிடம் தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 17இலிருந்து 18க்குப் போகும்போது ரிம் லேசானாலும் டயர் கனமாக இருக்கலாம். இரண்டையும் சேர்த்து நிறுத்துப் பாருங்கள். இந்த வாதத்தை இதோடு நிறுத்திக்கொள்ளலாம், கேள்விகள் நிறைய நிற்கின்றன.

கேள்வி: 19 அங்குலம் என் காருக்குப் பொருந்துமா?

பதில்: எந்த கார்? எந்த டயர்? தொடக்கத்தில் கேட்ட நான்கு விவரத்தையும் எழுதுங்கள்.

கேள்வி: எனக்கு அழகு முக்கியமில்லை, வளைவில் பிடிப்பு வேண்டும். 18 உதவுமா?

பதில்: 17இலேயே இருங்கள். வீலுக்கு ஒதுக்கிய பணத்தை நல்ல டயரில் போடுங்கள். முதல் தலைமுறை 86 பல நாடுகளில் மிஷ்லின் பிரைமசி எச்பி டயரோடு வந்தது. அது பிடிப்புக்காகச் செய்த டயர் அல்ல. அதே அளவில் கோடைகால ஸ்போர்ட்ஸ் டயர் மாற்றினாலே பிரேக்கிலும் வளைவிலும் வேறு காராக இருக்கும். ரிம் பெரிதாவதால் பிடிப்பு வருவதில்லை. பக்கச்சுவர் குட்டையானால் ஸ்டியரிங் சட்டென்று பதில் சொல்லும், அவ்வளவுதான். பழைய காராக இருப்பதால் ஒன்று: சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ், ஷாக் தேய்ந்திருந்தால் எந்த டயரும் காப்பாற்றாது. முந்தைய சொந்தக்காரர் அலைன்மென்ட்டை எப்படி விட்டுப்போனார் என்று அளந்து பாருங்கள்.

கேள்வி: ஓடிய அலாய் செட் ஒன்று டயரோடு கிடைக்கிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: முகத்தைப் பார்க்காதீர்கள், முதுகைப் பாருங்கள். வீலைக் குப்புறப் போட்டு உள் வளையத்தைத் துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். விரிசல் பெரும்பாலும் உள் விளிம்பிலிருந்துதான் தொடங்கும். வெல்டிங் தழும்பு இருந்தால் வாங்க வேண்டாம். பேலன்ஸ் மெஷினில் மாட்டிச் சுற்றச் சொல்லி விளிம்பைக் கவனித்தால் வளைவு கண்ணுக்கே தெரியும். ஒரே வீலில் ஈய எடை கும்பலாக ஒட்டியிருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

டயரின் பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கம்தான் தயாரித்த வாரமும் வருடமும். 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். அடுத்து லோட் இண்டெக்ஸ், அதாவது டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பதற்கான குறியீட்டு எண். கம்பெனி 87 கொடுத்திருந்தால் அது ஒரு டயருக்கு 545 கிலோ. 85 என்றால் 515. குறையவே கூடாது. எக்ஸ்எல் என்று போட்டிருந்தால் கூடுதல் எடை தாங்கும், ஆனால் அதற்குக் கூடுதல் காற்று வேண்டும். பழைய காற்றழுத்தத்திலேயே ஓட்டினால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை.

கேள்வி: பின்னால் மட்டும் அகலமான டயர் போடலாமா? என்னுடையது நான்கு வீலிலும் இழுக்கும் கார்.

பதில்: அகலம் மாறினாலும் நான்கின் வெளி விட்டமும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். முன்னும் பின்னும் வேறு வேகத்தில் சுற்றினால் முன் பின் வீல்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் நடு டிஃபரன்ஷியலோ கப்ளிங்கோ சூடாகிப் போய்விடும். ஒரு ஜோடி தேய்ந்து, ஒரு ஜோடி புதிதாக இருந்தாலும் இதே கதைதான். உங்கள் வண்டியின் கையேட்டில் எவ்வளவு வித்தியாசம் தாங்கும் என்று இருக்கும், அதைப் பாருங்கள்.

கேள்வி: 18 அங்குலம், 8.5 அகலம். உள்ளே உரசுகிறது. ஸ்பேசர் போட்டால் சரியாகுமா?

பதில்: ஸ்பேசர் என்பது வீலுக்கும் ஹப்புக்கும் நடுவே வைக்கும் தட்டு. ஆஃப்செட் தப்பாக வாங்கியதை அதனால் மறைப்பது இது. உள்ளே கிடைக்கும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் வீலை வெளியே தள்ளும், அங்கே உரசும். நட் பிடிக்கும் ஸ்டட் நீளமும் குறையும். நட் ஏறும் சுற்று போதவில்லையென்றால் நீளமான ஸ்டட் போட்டுத்தான் ஆக வேண்டும். சரியான ஆஃப்செட்டில் வீல் மாற்றுங்கள். ஏற்கெனவே காரில் ஸ்பேசர் இருக்கிறதா என்றும் பாருங்கள். செகண்ட் ஹேண்ட் காரில் அடிக்கடி பார்க்கிறேன்.

கேள்வி: பொருந்துமா சார்? 18 அங்குலம்.

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: மாற்றி முடித்தாயிற்று. இனி என்ன?

பதில்: 50-100 கிமீ ஓடியதும் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து நட்டை மறுபடி கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். காற்றுத் துப்பாக்கியோடு விட்டுவிடாதீர்கள். அலைன்மென்ட் போடுங்கள். நான்கு பேர் உட்கார்ந்து, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, ஒரு மேட்டில் மெதுவாக ஏற்றி இறக்கி உரசுகிறதா என்று கேளுங்கள். காப்பீட்டுக்காரருக்கும் மாற்றத்தைத் தெரிவித்துவிடுங்கள்.

கேள்வி: பழைய 17 அங்குல செட்டை விற்றுவிடலாமா?

பதில்: கொஞ்ச நாள் வைத்திருங்கள். நடுக்கமோ இழுப்போ வந்தால் அவற்றை மாட்டி ஓட்டிப் பாருங்கள். புது வீலா, காரா என்று உடனே தெரியும். அப்புறம் காரை விற்கும்போது ஒரிஜினல் செட் கூட இருந்தால் வாங்குபவர் சந்தோஷமாக எடுத்துக்கொள்வார்.