ஊதா மூடிக் குழாயில் போன ரத்தம்

கேள்வி: எங்கள் வீட்டு கலப்பின ஜெர்சி, மூன்றாவது ஈத்து. கன்று போட்டு நாலு நாள் ஆகிறது. தீவனம் குறைந்து, பாலும் பாதியாகிவிட்டது. தெரிந்த பையன் ஒருவனை வைத்து ரத்தம் எடுத்து, நாகர்கோவிலில் மனிதர்களுக்குப் பார்க்கும் லேப் ஒன்றில் கொடுத்தோம். கால்சியம் 1.4, பொட்டாசியம் 15-க்கு மேல், சர்க்கரை 48 என்று வந்திருக்கிறது. மாடு நின்றுகொண்டுதான் இருக்கிறது, கொஞ்சம் அசையும் போடுகிறது. கால்சியம் பாட்டில் ஏற்றிவிடலாமா? சீட்டையும் குழாயையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். (பூதப்பாண்டி பக்கத்திலிருந்து ஒரு விவசாயி)

பதில்: அண்ணாச்சி, முதலில் அந்தப் பாட்டிலை எடுத்து ஓரமாக வையுங்கள். நல்ல பசுவுக்கு 100 மில்லி சீரத்தில் (ரத்தம் உறைந்த பிறகு பிரியும் தெளிந்த நீரில்) கால்சியம் 8.5 முதல் 10 மில்லிகிராம் வரை இருக்கும். 5-க்குக் கீழே இறங்கினாலே பெரும்பாலும் மாடு படுத்துவிடும். 1.4 உள்ள மாடு அசை போடாது. பொட்டாசியமும் லிட்டருக்கு 6 மில்லிமோலுக்குள் இருக்க வேண்டியது. 15 வந்தால் இதயம் துடிக்காது. மெஷின் சொன்னபடி பார்த்தால் உங்கள் மாடு நேற்றே செத்திருக்க வேண்டும்!

குழாயின் படத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. மூடி ஊதா நிறம். அதற்குள் ரத்தம் உறையாமலிருக்க ஈடிடிஏ என்ற மருந்து பூசியிருப்பார்கள். ரத்தம் உறையக் கால்சியம் வேண்டும். அந்தக் கால்சியத்தைத்தான் ஈடிடிஏ கட்டிப் பிடித்துக்கொள்கிறது. மருந்தே பொட்டாசியம் உப்பாக இருப்பதால் அதுவும் ரத்தத்தில் கலந்துவிடும். கால்சியம் இறங்கிப் பொட்டாசியம் ஏறினால், மாட்டைப் பார்ப்பதற்கு முன் குழாயைப் பாருங்கள். ஊதாக் குழாய் ரத்த அணு எண்ணத்தான். இந்தச் சோதனைகளுக்குச் சிவப்பு மூடிக் குழாய் வேண்டும்.

சர்க்கரை 48 என்றதற்கு நேரே அவர்கள் குறி போட்டது மனிதக் கணக்கு. மாட்டுக்கு 45 முதல் 75 வரை இயல்புதான். தவிர, அணுக்களோடு கிடக்கும் ரத்தத்தில் நேரம் ஆக ஆக சர்க்கரை கரைந்துகொண்டே போகும். இன்னொன்று: மனிதருக்கு ரத்தத்தில் எஸ்ஜிபிடி என்ற நொதி கூடினால் கல்லீரல் போச்சு என்பார்கள். மாட்டில் அது கல்லீரலைச் சரியாகக் காட்டாது. ஜிஜிடி, எஸ்ஜிஓடி என்ற வேறு நொதிகளைப் பார்க்க வேண்டும்.

மறுபடி எடுக்கும்போது கால்நடை மருத்துவரையே எடுக்கச் சொல்லுங்கள். சிரிஞ்சிலிருந்து ஊற்றும்போது ஊசியைக் கழற்றிவிட்டு, குழாயின் சுவரோரமாக மெல்ல விட வேண்டும். ஊசி வழியே அழுத்திப் பீய்ச்சினால் அணு உடையும். குலுக்கவும் கூடாது. அரை மணி நேரம் நிறுத்தி உறைந்த பிறகு லேப் மெஷினில் சுழற்றிச் சீரத்தைப் பிரித்துவிட்டால் நல்லது. ஐஸ் கட்டியில் நேராகப் புதைக்காமல் துணி சுற்றி வையுங்கள். அணு உடைந்து, பிரித்த சீரம் பீட்ரூட் கழுவிய தண்ணீர் போல இருந்தால் அந்தச் சோதனையை நம்பாதீர்கள். மெஷின் நிறத்தின் வழியே ஒளியை விட்டுத்தான் கணக்குப் போடுகிறது, சிவப்பு குறுக்கே வந்தால் பல எண்கள் தவறும். நானும் படித்து வந்த புதிதில் இப்படி ஒரு சிவப்புச் சீரத்தை ஓட்டி, பாஸ்பரஸ் ஏறிக் கிடக்கிறதென்று ஒரு பெரியவரைப் பயமுறுத்தியிருக்கிறேன். பச்சைப் புல் தின்னும் ஜெர்சியின் சீரம் நல்ல மஞ்சளாக இருக்கும். அது பெரும்பாலும் புல்லின் கரோட்டின், மஞ்சள் காமாலை என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆனால் தீவனம் குறைந்தது நிஜம், அதை விடக் கூடாது. கால்சியம் குறைவதால் வரும் பால் காய்ச்சல் என்றால் பெரும்பாலும் கன்று போட்ட மூன்று நாளுக்குள் வந்துவிடும். காது ஜில்லிடும், கழுத்தை வளைத்துக்கொண்டு படுத்துவிடும். அப்படி ஆனால் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. ரத்தத்தை எடுத்து வைத்துவிட்டு மருத்துவர் கால்சியம் ஏற்றுவார். படுத்த மாட்டுக்கு வாய் வழியாக எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். உங்கள் மாட்டுக்கு எனக்குச் சந்தேகம் கீட்டோசிஸ் (உடல் கொழுப்பு கரைந்து ரத்தத்தில் கீட்டோன் சேரும் நோய்) மேல், அல்லது கருப்பைப் புண் மேல். இன்றைக்கே காய்ச்சல் பார்த்து, கீட்டோன் பட்டையையோ மீட்டரையோ வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டரில் பிஎச்பி என்ற கீட்டோன் அளவு 1.2-ஐத் தாண்டினால் கீட்டோசிஸ் பக்கம் என்று வழி தெரிந்துவிடும். தேவையில்லாமல் வேகமாக ஏற்றும் கால்சியம் இதயத்தை நிறுத்திவிடும். அதனால்தான் பாட்டிலை ஓரமாக வைக்கச் சொன்னேன். இதற்கு முன்பே யாராவது கால்சியம் போட்டிருந்தால், எத்தனை மணிக்கு என்று லேப் சீட்டிலும் எழுதிக் கொடுங்கள்.