மே மாதத்தை விடுங்கள், ஜூலைக்கு டிக்கெட் போடுங்கள்

கேள்வி: வீட்டில் நானும் என் கணவரும் மட்டும்தான். பிள்ளைகள் வெளியூரில் வேலையில் இருக்கிறார்கள். வருஷா வருஷம் மே மாதம் ஐந்து நாள் எங்காவது போய் வருவோம். போன வருஷம் ஊட்டி, அதற்கு முந்தின வருஷம் கொடைக்கானல். திரும்பி வந்ததும் இரண்டு நாள் படுத்துவிடுகிறோம். பாதி நேரம் காரிலேயே போய்விடுகிறது. சாப்பாடும் சரியாக அமைவதில்லை. இந்த முறை நன்றாகச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கி எழுந்து வந்தால் போதும். அவருக்கு அசைவம் இல்லாமல் முடியாது, கொஞ்சம் சர்க்கரையும் உண்டு. நான் சுத்த சைவம். எங்கே போகலாம்?
- தாம்பரம் வாசகி

பதில்: ஊரைச் சொல்வதற்கு முன்னால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்த ஐந்து நாளும் "இப்போ எங்கே சாப்பிடலாம்?" என்ற கேள்விக்குப் பதில் தேடியது யார்? நீங்கள்தான் என்று நினைக்கிறேன். வீட்டில் வருஷம் முழுக்க "இன்னிக்கு என்ன சமையல்?" என்று யோசிப்பவர், விடுமுறையிலும் அதையே யோசித்துக்கொண்டிருந்தால் உடம்பு மட்டும்தான் ஊர் மாறியிருக்கும். பயண ஏற்பாட்டுத் தொழிலில் இத்தனை வருஷம் இருந்து பார்த்ததில், தம்பதிகளைக் களைப்பாக்குவது நடையோ வெயிலோ இல்லை. மணிக்கொரு தரம் ஏதாவது ஒன்றை முடிவு செய்ய வேண்டியிருப்பதுதான். அதனால் முடிவுகளையெல்லாம் கிளம்புவதற்கு முன்பே எடுத்து முடித்துவிடுங்கள். அங்கே போனபின் முடிவெடுக்கும் வேலை உங்கள் கணவருடையது. இதை அவரிடமும் படித்துக் காட்டுங்கள்.

சரி, ஊருக்கு வருவோம். மே மாதத்தில் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற எண்ணத்தையே இந்த வருஷம் விட்டுவிடுங்கள். கூட்டம் தாங்காமல்தான் சென்னை உயர் நீதிமன்றம் 2024 மே 7 முதல் அங்கே இ-பாஸ் கொண்டுவரச் சொன்னது. மறுவருஷக் கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிகள்தான் என்று வரம்பும் வந்தது: நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. வரம்புக்குள்ளேயே அத்தனை வண்டி என்றால் ஒரு மலைப்பாதை என்ன பாடுபடும்! நீங்கள் காரிலேயே உட்கார்ந்திருந்ததில் ஆச்சரியமில்லை.

என் யோசனை குற்றாலம். அதுவும் மே மாதத்தில் இல்லை, ஜூன் கடைசி அல்லது ஜூலையில். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், பள்ளி விடுமுறை உங்களைக் கட்டிப்போடவில்லை. இன்னமும் மே மாதத்திலேயே கிளம்புவது பழைய பழக்கம்தானே? கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் முதல் தேதியை ஒட்டித் தொடங்கும். அந்த மழைக்காற்று செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாய் வழியாக நுழைந்து இந்தப் பக்கம் இறங்குகிறது. மழையாகக் கொட்டாமல், காற்றோடு பொடிப்பொடியாக முகத்தில் படும். அதுதான் சாரல். குடை பிடித்தால் நனையமாட்டோம் என்று நினைக்காதீர்கள், அது பக்கவாட்டில் வரும். சென்னையில் ஜூலை மாதமும் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருக்கும்போது அங்கே மதியம் இரண்டு மணிக்குப் போர்வை கேட்கும். பள்ளிகளும் ஜூனில் திறந்துவிடுவதால் திங்கள் முதல் வியாழன் வரை நெரிசல் குறைவு. ஞாயிற்றுக்கிழமை உள்ளே போகாதீர்கள்; ஞாயிறு இரவு ரயிலேறி திங்கள் காலை இறங்குங்கள். ஆடி அமாவாசை, சங்கரன்கோவில் ஆடித்தபசு எந்தத் தேதியில் வருகின்றன என்று காலண்டரில் பார்த்து அந்த நாட்களையும் தவிர்த்துவிடுங்கள்.

லீவு மே மாதத்தில்தான் கிடைக்கும் என்றால் குற்றாலம் வேண்டாம். கோடை மழை பெய்யாவிட்டால் பாறைதான் இருக்கும். ஏற்காட்டில் ஒரே இடத்தில் தங்கிக்கொள்ளுங்கள். ஆனால் சாப்பாட்டுக்காக நான் யாரையும் ஏற்காட்டுக்கு அனுப்பியதில்லை.

தாம்பரத்தில் பொதிகை எக்ஸ்பிரஸ் நிற்கும். இரவு ஏறிப் படுத்தால் காலையில் தென்காசி. அங்கிருந்து குற்றாலம் ஆட்டோ தூரம்தான். காரை எடுத்துக்கொண்டு போகாதீர்கள் என்பது என் கண்டிப்பான கருத்து. கார் இருந்தால் அவருக்குப் பாபநாசம் போகலாம், கன்னியாகுமரியும் ஒரு எட்டு பார்த்துவிடலாம் என்று கை ஊறும்.

அறை விஷயத்தில் நான் சூடுபட்டவன். ஒருமுறை "அருவியைப் பார்த்த அறை" என்று போட்டிருந்ததை நம்பிப் பணம் கட்டிவிட்டேன். ஜன்னலைத் திறந்தால் வேன்கள் நிற்கும் மைதானம். அருவி தெரிந்தது உண்மைதான், சுவரில் மாட்டியிருந்த படத்தில். அப்போதிலிருந்து நான் போன் செய்து மூன்று கேள்விகள் கேட்காமல் அறை போடுவதில்லை. காலை ஒன்பது மணிக்கு வந்தால் உள்ளே விடுவீர்களா? வெந்நீர் எந்த நேரத்தில் வரும்? துணி காயப்போட மூடிய இடம் இருக்கிறதா? கடைசிக் கேள்வியைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். சாரல் காலத்தில் அங்கே துணி காயவே காயாது. ஜீன்ஸ் எடுத்துப்போனால் ஊருக்குத் திரும்பும்வரை ஈரமாகவே இருக்கும். மெல்லிய பருத்தித் துணி, ஆளுக்கு நான்கு ஈரிழைத் துண்டு, ஒரு நைலான் கயிறு, பத்து கிளிப். இவ்வளவு இருந்தால் போதும். பேரருவிக்குப் பக்கத்தில் தங்காமல், ஐந்தருவிச் சாலையிலோ தென்காசியிலோ தங்கினால் இரவில் சத்தம் இருக்காது.

அருவிக் குளியல் விடியற்காலையில் இருக்கட்டும். பேரருவியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம். தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்று, முதலில் முதுகையும் தோளையும் காட்டுங்கள். கழுத்து எலும்புத் தேய்மானம் இருந்தால் கனமாக விழும் தண்ணீருக்கு நேரே தலையைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். எண்ணெய், சோப்பு, ஷாம்பு மூன்றுக்கும் அருவியில் தடை. மேலே மலையில் பெய்கிற மழை கீழே இருப்பவருக்குத் தெரியாது. 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் வந்து ஒரு சிறுவனை அடித்துக்கொண்டு போனது. பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழ ஆரம்பித்தாலோ, காவலர் விசில் ஊதினாலோ, குளியல் பாதியில் இருந்தாலும் சரி, வெளியே வந்துவிடுங்கள். குளிக்கத் தடை போட்டிருந்தால் அன்றைக்கு மூக்கு நுனியில் சாரல் வாங்கிக்கொண்டு சுக்குக் காப்பி குடியுங்கள்.

இனி சாப்பாடு. அருவியில் அரை மணி நேரம் நின்றுவிட்டு வந்தால் வயிறு காலியான பானை மாதிரி சத்தம் போடும். அந்தப் பசியில் முதல் கடையில் நுழைந்து நெய் ரோஸ்ட், பூரி, வடை என்று அடுக்கிவிட்டு, மதியம் வரை நெளிந்துகொண்டிருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். காலையில் இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு பெரிய சாப்பாடு, அது மதியம். அதற்குப் பிறகு தூக்கம். நான் போட்டுத்தருகிற திட்டங்களில் இந்த ஒரு விதியை மட்டும் மாற்ற விடமாட்டேன்.

ஒரு மதியம் அவருக்கு. செங்கோட்டைக்குப் பக்கத்தில் பிரானூர் பார்டர் என்று ஓர் இடம். இன்று கேரள எல்லை புளியரைக்கு அப்பால் இருக்கிறது. பிறகு ஏன் இங்கே பார்டர்? செங்கோட்டை வட்டாரம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்தது. எல்லைக்கோடு இடம் மாறி எத்தனையோ வருஷமாகியும் பரோட்டாக் கடைகள் அந்தப் பெயரை விடவில்லை. அங்கே பரோட்டா சின்னது, உள்ளங்கை அகலம். கல்லிலிருந்து எடுத்து நாலைந்தை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி இரண்டு கையாலும் பக்கவாட்டில் ஓங்கித் தட்டுவார்கள். அடுக்கு அடுக்காகப் பிரிந்து ஓரம் மொறுமொறுப்பாக நிற்கும். இலையில் போட்டுப் பிய்த்து, சால்னா ஊற்றி, அது நடுவில் ஊறி ஓரத்தில் ஊறாமல் இருக்கிற அந்த ஒரு நிமிஷத்துக்குள் சாப்பிட வேண்டும். கூட நாட்டுக்கோழி வறுவல், காடை. சர்க்கரை உள்ளவர் என்பதால் அவரை இரண்டு பரோட்டாவோடு நிறுத்தி, மீதிப் பசியைக் கோழிக்குத் திருப்பிவிடுங்கள். அந்த மதியம் நீங்கள் கூடப் போக வேண்டியதில்லை. அறையில் தயிர்சாதத்தை முடித்துவிட்டுத் தூங்குங்கள். இரண்டு பேரும் ஒவ்வொரு வேளையும் சேர்ந்தே சாப்பிட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அடுத்த மதியம் உங்களுக்கு, திருநெல்வேலியில். தென்காசியிலிருந்து பாசஞ்சர் ரயிலில் போங்கள், வலப்பக்க ஜன்னல் கிடைத்தால் மலை கூடவே வரும். அம்பாசமுத்திரம் தாண்டியதும் கல்லிடைக்குறிச்சி. அப்பளத்துக்குப் பேர்போன ஊர்.

நெல்லையில் நீங்கள் சாப்பிட வேண்டியது சொதி. திருநெல்வேலி சைவ வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில் போடுகிற குழம்பு. தேங்காயை மூன்று முறை பிழிந்து பால் எடுப்பார்கள். நீர்த்த மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, பீன்ஸ், சின்ன வெங்காயம் வேகும். வெந்த சிறுபருப்பு சேரும். காரத்துக்குப் பச்சைமிளகாயும் இஞ்சியும்தான். கெட்டியான முதல் பால் கடைசியில் விழும், அதற்குப்பின் கொதிக்கவிடக்கூடாது. எலுமிச்சை பிழிவது அடுப்பை அணைத்த பிறகு, அவசரப்பட்டால் திரிந்துவிடும். தேங்காய்ப்பால் வயிற்றில் கனமாக உட்காரும் என்பதால்தான் தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். கூட உருளைக்கிழங்கு சிப்ஸ். எல்லா ஓட்டலிலும் தினமும் இருக்கிற பண்டம் இல்லை இது. இரண்டு நாள் முன்னாலேயே போனில் கேட்டு, உண்டு என்று சொன்ன இடத்துக்குப் போங்கள். சொதி அமையவில்லை என்றால் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் கேட்டுப் பாருங்கள். உங்கள் கணவருக்கும் அது பிடிக்கும், அந்த ஊரில் உளுந்தஞ்சோற்றுக்குக் கோழிக்குழம்பு ஊற்றிக்கொள்பவர்களும் உண்டு.

அன்று சாயங்காலம் அல்வா. நெல்லையப்பர் கோயில் எதிரே இருட்டுக்கடை மாலையில்தான் திறக்கும். அதற்கு முன்பே வரிசை நின்றிருக்கும். வரிசையில் நிற்பது அவர் வேலை. சூடாக நூறு கிராம் வாங்கி நின்றபடியே இருவரும் பகிர்ந்துகொள்ளுங்கள். அல்வாவில் கோதுமைப்பால், சர்க்கரை, நெய் தவிர வேறொன்றும் இல்லை என்பதால் அவருக்கு இரண்டு விரல் அளவு போதும், அதுவும் கொஞ்சம் நடந்துவிட்டு. மாத்திரை, சாப்பாட்டு நேரம் இரண்டையும் எப்படி வைத்துக்கொள்வது என்று கிளம்புமுன் அவருடைய டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். ஊர் மாறினால் முதலில் தவறுவது மாத்திரை நேரம்தான்.

மீதி நாட்களுக்கு நான் எதுவும் எழுதித் தரப்போவதில்லை. சாலையோரத்தில் மங்குஸ்தான், ரம்புட்டான் குவித்து வைத்திருப்பார்கள். மங்குஸ்தானைக் கத்தியால் வெட்டாமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் ஓடு பிளக்கும், வெள்ளைச் சுளை முழுசாக வரும். கறை போகாது, பழைய துணி உடுத்திக்கொள்ளுங்கள். நடக்கத் தோன்றினால் சித்திரசபை. கூத்தப்பெருமானின் ஐந்து சபைகளில் ஒன்று. உள்ளே சிலைக்குப் பதில் ஓவியம். ஒருநாள் காலை அவருக்குக் கால் நிற்காவிட்டால், செங்கோட்டையிலிருந்து மலை வழியே போகிற ரயிலில் தென்மலை வரை அனுப்பிவையுங்கள். 1904-ல் போட்ட பாதை, அகலப்பாதையாகி 2018-ல் மறுபடி திறந்தது. வழியில் பதின்மூன்று கண் பாலம் வரும். நீங்களும் போகலாம். போகாமல் போர்வைக்குள் இருப்பது இன்னும் நல்லது.

டிக்கெட் இப்போது 60 நாள் முன்னால்தான் திறக்கிறது. முன்பிருந்த 120 நாள் கணக்கு 2024 நவம்பரோடு போய்விட்டது. ஜூலை 8-ம் தேதி ரயில் என்றால் மே 9-ம் தேதி காலை 8 மணிக்கு உட்கார்ந்துவிட வேண்டும். திரும்பும் டிக்கெட்டையும் அதன் நாளில் மறக்காமல் போடுங்கள். திரும்பும் வழியில் ரயில் ஸ்ரீவில்லிபுத்தூரில் நிற்கும்போது, 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவாவுக்காக அவர் இறங்கி ஓடப் பார்ப்பார், விடாதீர்கள். பிள்ளைகளுக்கு வாங்கிய அல்வாவை மூடி இறுகுகிற எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் கைப்பையில் வையுங்கள். துணிப்பெட்டியில் வைத்தால் தாம்பரம் வருவதற்குள் நெய் இறங்கி, காயாத துண்டோடு சேர்ந்து ஒரு வாடை வரும். அதற்கு எந்த சோப்பும் கேட்காது.