தொட்டுத் தடவும் பிள்ளை

அன்புள்ள ஐயா,
என் மகளுக்கு நான்கு வயது. பாலர் பள்ளியில் ஐம்புலன் பாடம் நடக்கிறது. மூக்கையும் நாக்கையும் மாற்றி மாற்றிச் சொல்கிறாள். நாக்கு நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று ஒரு படமும் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் சொல்லிக்கொடுக்க நல்ல சுவர்ப்படமோ செயலியோ உண்டா? கையில் அகப்பட்டதையெல்லாம் தொட்டுத் தடவிக்கொண்டே இருக்கிறாள், உட்கார வைப்பதே பெரும்பாடு.
க.

அன்புள்ள க.,

உங்கள் கடைசி வரிக்காகத்தான் உடனே எழுதுகிறேன். அந்தப் பிள்ளை தன் பாடத்தை ஒழுங்காகப் படித்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள்தான் அதை நிறுத்தி உட்காரவைத்துப் படம் காட்டுகிறீர்கள்.

மூக்கு, நாக்குக் குழப்பம் தானாகச் சரியாகிவிடும், விடுங்கள். நாக்குப் படம் தப்பு. சுவைமொட்டு இருக்கிற இடமெல்லாம் எல்லாச் சுவையும் தெரியும். கிழித்துப் போடுங்கள்.

தொடுவதைப் பற்றித்தான் பேச வேண்டும். உயிர்களை அறிவால் வரிசைப்படுத்தும் தொல்காப்பியம் ஓரறிவு உயிருக்குத் தருவது தொட்டு அறிவதை. கண் நான்காவதாக வருகிறது, காது ஐந்தாவதாக. நாமோ ஐந்தையும் கண்ணிடமே ஒப்படைத்துவிட்டோம். மல்லிகைப் படத்தைக் காட்டி வாசம் என்கிறோம், பஞ்சுப் படத்தைக் காட்டி மெத்து என்கிறோம்.

என் அப்பா குழித்தறியில் நெய்தவர். நூல் வாங்கப் போனால் சீட்டைப் பார்க்க மாட்டார். இழையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டி, எண்பதாம் நம்பரா நூறாம் நம்பரா என்று சொல்லிவிடுவார். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். எங்களைக் கண்ணை மூடச் சொல்லி, ஆளுக்கு இரண்டு இழை தருவார். அறுபதையும் நூறையும் நான் பிரித்துவிடுவேன். எண்பதும் நூறும் அக்காவுக்குத்தான் பிடிபடும். அவர் புலன் என்ற சொல்லை எங்களிடம் சொன்னதே இல்லை. எது எதைவிட மெலிசு என்று மட்டும் கேட்பார்.

1907இல் ரோம் நகரத்து ஏழைக் குடியிருப்பொன்றில் மரியா மாண்டிசோரி பள்ளி தொடங்கியபோது செய்ததும் இதுதான். கண்ணைக் கட்டிக்கொண்டு துணிகளை ஜோடி சேர்க்க வேண்டும். ஒரே அளவுப் பலகைகளைக் கையில் ஏந்தி எடையைப் பிரிக்க வேண்டும். எழுத்தைக்கூட உப்புத்தாளில் வெட்டி, விரலால் தடவவைத்தார். அந்த அம்மையார் 1939இல் சென்னைக்கே வந்து, அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அந்த ஊர்க்காரர்கள் நாம், பிள்ளைக்குச் செயலி தேடுகிறோம்!

மாவைத் தொடாதே, மண்ணைத் தொடாதே என்று விரட்டிவிட்டு, கைப்பேசியை மட்டும் தொடக் கொடுக்கிறீர்கள். பலாப்பழத்தைக் காட்டினாலும் பட்டுத்துணியைக் காட்டினாலும் அந்தக் கண்ணாடி விரலுக்கு ஒரே வழவழப்புத்தான். கை அழுக்கானால் கழுவிக்கொள்ளலாம். நான்கு வயதில் கையைக் கட்டிப்போட்டால் அந்த வயது திரும்ப வராது, தாயே.

ஒரு துணிப்பையில் தேங்காய் நார், பீர்க்கங்கூடு, மரக்கரண்டி, பழைய பட்டுத்துணி, பெரிய கூழாங்கல் போடுங்கள். பார்க்காமல் கையை விட்டுச் சொல்லட்டும். சொரசொர, நறநற, பிசுபிசு எல்லாம் தொட்ட பிறகு சொல்லிக்கொடுங்கள். அடுத்த முறை அவள் நிரப்பட்டும், நீங்கள் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வீட்டில் இன்னும் சின்னக் குழந்தை இருந்தால் புளியங்கொட்டை, பட்டன் மாதிரிச் சாமான் வேண்டாம், விழுங்கிவிடும்.

ஆசிரியையிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். கோபம் வந்தால் எனக்கு எழுதச் சொல்லுங்கள், அவருக்கும் பதில் போடுகிறேன்.