செல் சவ்வு கொழுப்பால் ஆனது என்றால் தண்ணீர் எப்படி உள்ளே போகிறது?

சவ்வின் அடிப்படை, பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு மூலக்கூறுகளின் இரட்டை அடுக்கு. தண்ணீரோடு ஒட்டும் தலைகள் இரு பக்கமும் வெளியே பார்த்திருக்கும், ஒட்டாத கொழுப்பு வால்கள் நடுவில் இருக்கும். ஆக்சிஜன் இதைச் சுலபமாகக் கடந்துவிடும். சோடியம், பொட்டாசியம் அயனிகளுக்குப் புரதங்களின் உதவி வேண்டும்.

சரி, தண்ணீர்? வால்களுக்கு இடையே கொஞ்சம் கசியத்தான் செய்யும். ஆனால் சிவப்பணுவிலும் சிறுநீரகத்திலும் அது பாயும் வேகத்துக்கு அந்தக் கசிவு போதாது. அங்கே வேலை செய்வது அக்குவாபோரின் என்ற புரதம், சவ்வில் தண்ணீருக்கென்றே இருக்கும் ஒரு துளை.

1992இல் பீட்டர் ஆக்ரே குழுவினர் இதை அருமையான சோதனையில் காட்டினார்கள். அந்தப் புரதத்தைச் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் ஆர்.என்.ஏ.வைத் தவளையின் முட்டைச் செல்லில் செலுத்தி, பிறகு நீர்த்த கரைசலில் போட்டார்கள். சில நிமிடங்களில் செல் உப்பி வெடித்தது. ஆர்.என்.ஏ. செலுத்தாத செல்லோ அவ்வளவாக வீங்கவே இல்லை. இதற்காக ஆக்ரேவுக்கு 2003இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

என்னை வியக்க வைப்பது அந்தத் துளையின் கறார்தான். மிகக் குறுகலான இடம் சுமார் 0.28 நானோமீட்டர். தண்ணீர் மூலக்கூறுகள் ஒற்றை வரிசையில்தான் போக முடியும். அவற்றைவிடச் சிறிய புரோட்டானைக்கூட (அமிலத்தன்மையைத் தீர்மானிக்கும் ஹைட்ரஜன் அயனி) அது விடாது, விட்டால் செல்லின் அமிலச் சமநிலையே குலைந்துவிடும்.

உடலில் தண்ணீர் குறைந்தால் வாசோப்ரெசின் ஹார்மோன் சிறுநீரகச் செல்களின் சவ்வில் அக்குவாபோரின்-2ஐக் கூடுதலாகப் பதிக்க வைக்கும். தண்ணீர் ரத்தத்துக்குத் திரும்பும், சிறுநீர் அடர்மஞ்சளாகும்.