ஏத்தத்துல கார் பின்னாடி உருளாம எடுக்கறது: பெங்களூர்ல கத்துக்கறவங்க கேள்விகளுக்கு அக்காவோட பதில்

மடிவாளா: அக்கா, ஃப்ளைஓவர் ஏத்தத்துல டிராஃபிக் நின்னாலே கை கால் உதறுது. பிரேக்ல இருந்து கால எடுத்ததும் கார் பின்னாடி போகுது, அங்க ஆட்டோ ஒட்டி நிக்குது. என்ன பண்ண?

பதில்: ஹேண்ட் பிரேக்க நம்புங்க தம்பி. நின்ன உடனே அத நல்லா மேல இழுத்து போட்டுடுங்க, வலது கால் ஃப்ரீ ஆயிடும். ஃபர்ஸ்ட் கியர் போட்டு ஆக்ஸிலரேட்டர லேசா அமுக்கி கிளட்ச்ச மெதுவா விட்டுட்டே வாங்க, ஒரு இடத்துல இன்ஜின் சத்தம் கனமாகும், பானெட் லேசா தூக்கும், இடது கால அங்கயே அசையாம நிறுத்திட்டு அப்பறமா ஹேண்ட் பிரேக்க எறக்குங்க. நெறைய பேர் முதல்ல ஹேண்ட் பிரேக்க எறக்கிட்டு அப்பறம் கிளட்ச்ச தேடறாங்க, அந்த கேப்லதான் வண்டி உருளுது.

கே.ஆர்.புரம்: ஹேண்ட் பிரேக் போட்டா லைசன்ஸ் டெஸ்ட்ல ஃபெயில் பண்ணுவாங்களா?

பதில்: மாட்டாங்கம்மா. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள், 15வது விதி, ஏத்தத்துல நிறுத்தி பின்னாடி உருளாம எடுக்கணும்னுதான் கேக்குது, ஹேண்ட் பிரேக் வெச்சு எடுக்கறதையும் அதுலயே சொல்லிருக்கு.

அல்சூர்: அப்பாவோட டீசல் வண்டி ஆக்ஸிலரேட்டர் தொடாமலே ஏறுது, என் பெட்ரோல் கார் மட்டும் ஆஃப் ஆகுது, ஏன்?

பதில்: டர்போ டீசல்ல பொதுவா கம்மி ஆர்பிஎம்லயே, அதாவது இன்ஜின் மெதுவா சுத்தும்போதே, டார்க் (இழுக்கற சக்தி) ஜாஸ்தி. சின்ன பெட்ரோல் இன்ஜினுக்கு கிளட்ச் விடறதுக்கு முன்னாடியே கொஞ்சம் ரேஸ் குடுக்கணும், மால் பேஸ்மென்ட் ராம்ப்ல இன்னும் கூட.

பொம்மனஹள்ளி: ஏத்தத்துல ஹாஃப் கிளட்ச்லயே, அதாவது கிளட்ச்ச பாதி விட்டே, வண்டிய நிறுத்தி வெச்சுக்கறேன், சிக்னல்ல ஈஸியா இருக்கே?

பதில்: ப்ளீஸ், அத விட்டுடுங்க! கிளட்ச் பிளேட், இன்ஜினோட சேந்து சுத்தற ஃப்ளைவீல்ங்கற சக்கரத்துல உரசிட்டே இருக்கும், அந்த சூட்டுல சீக்கிரம் தேஞ்சுடும், மாத்தணும்னா கியர்பாக்ஸையே கழட்டணும், லேபர் சார்ஜே பெருசா வரும். கருகின வாசனை வந்தா ஓரமா நிறுத்தி ஆற விடுங்க.

எச்.எஸ்.ஆர்: ஹில் ஹோல்ட் (ஏத்தத்துல கார் தானாவே பிரேக்க பிடிச்சு வெச்சுக்கற வசதி) இருக்கற காருக்கும் இதெல்லாம் தேவையா?

பதில்: தேவைதான். பிரேக்ல இருந்து கால எடுத்ததும் அது ரெண்டு மூணு செகண்ட்தான் பிடிக்கும், அதுக்குள்ள கிளட்ச் பிடிக்கலன்னா விட்டுடும்.

ஹெப்பால்: நந்தி ஹில்ஸ் போறோம், எதுக்க வண்டி வந்தா யாரு நிக்கணும்?

பதில்: ரோடு குறுகலா இருந்தா எறங்கறவர்தான் ஒதுங்கணும், ஏறற வண்டிக்குத்தான் முன்னுரிமை. திரும்ப எறங்கும்போது நியூட்ரல் போடாதீங்க, செகண்ட் கியர்லயே வாங்க.