பிள்ளை தேறிவிட்டான், அம்மா தேறவில்லை – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு ஐந்து வயதில் ஏ.எல்.எல். எனும் ரத்தப் புற்றுநோய். இரண்டரை வருடம் சிகிச்சை. அது முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பள்ளிக்கூடம் போகிறான், தெருவில் கிரிக்கெட் ஆடுகிறான். நான்தான் சரியாக இல்லை. ராத்திரியில் பலமுறை எழுந்து அவன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். ஸ்பிரிட் வாசனை பட்டால் கை நடுங்குகிறது. ரிவியூவுக்கு இரண்டு முறை தேதி வாங்கியும் போகவில்லை. "பிள்ளைதான் நல்லாயிட்டானே, இன்னும் எதுக்கு அழுவுற?" என்கிறார் மாமியார். கணவர் அந்த நாட்களைப் பற்றிப் பேசுவதே இல்லை. எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

இல்லை. நோய்க்குப் பெயர் சொல்வது மருத்துவரின் வேலை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பவை விபத்தில் தப்பியவர்களுக்கும் போர்முனையிலிருந்து திரும்பியவர்களுக்கும் வரும் பி.டி.எஸ்.டி.யின், அதாவது பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநலப் பாதிப்பின், அறிகுறிகள். பிள்ளைக்கு உயிராபத்தான நோய் என்று அறிய நேர்வதும் இதற்குக் காரணமாகலாம் என்று அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 1994லேயே சொன்னது. ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில் ஆன் கசாக் குழுவினர் ஆராய்ந்தபோது, புற்றுநோயிலிருந்து மீண்ட பிள்ளைகளைவிடப் பெற்றோரிடமே இந்த அறிகுறிகள் அதிகம் தெரிந்தன.

அந்த நெற்றியைத் தொடும் பழக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கீமோ நாட்களில் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். "கவுண்ட் கம்மியா இருக்கு, ஜுரம் 100.4 வந்தா விடியட்டும்னு இருக்காதீங்க" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். கிருமி ரத்தத்தில் பரவினால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. அன்று நீங்கள் தூங்காமல் தொட்டுப் பார்த்தது பிள்ளையைக் காக்கும் வேலை. இரண்டரை வருடம் அப்படிப் பழகிய உடம்பு, கடைசி மாத்திரையோடு அதை விட்டுவிடாது. அழக்கூட நேரமில்லாமல் ஓடியவர்கள் எல்லாம் முடிந்த பிறகே உடைந்துபோகிறார்கள். உங்கள் மாமியாருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு முறையும் பிள்ளையின் எடையைப் பார்க்கிறார்கள். கூட வந்த அம்மா தூங்கினாளா என்று யாரும் கேட்பதில்லை. இதில் எனக்குக் கோபமே உண்டு. அந்தக் கேள்வியும் சிகிச்சையில் சேர்ந்ததுதான்.

எனக்குப் பெரிய கவலை அந்த ரிவியூதான். ஏ.எல்.எல்.லுக்குத் தரும் டானோரூபிசின், டாக்ஸோரூபிசின் போன்ற மருந்துகள் பல வருடம் கழித்தும் இதயத்தைப் பாதிக்கக்கூடும். எக்கோ எனும் இதய ஸ்கேன் எடுக்கச் சொல்வது அதற்காகத்தான். உங்களால் அந்த வாசலை மிதிக்க முடியாவிட்டால், இம்முறை வீட்டில் வேறு யாராவது கூட்டிப் போகட்டும். தள்ளிப்போட மட்டும் வேண்டாம்.

நீங்கள் மனநல மருத்துவரைப் பாருங்கள். அஞ்சி ஒதுங்கும் நினைவையும் இடத்தையும், துணைக்கு இருந்து கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ள வைக்கும் பேச்சு சிகிச்சைகள் இருக்கின்றன, பலனும் தருகின்றன. முதலில் போனில் பேசிப் பார்க்கலாம் என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

போகும்போது கணவரையும் கூட்டிப் போங்கள். அந்த நாட்களைப் பற்றி வாயே திறக்காத மனிதரும் உங்களைப் போலவே அவற்றிலிருந்து ஒதுங்கி ஓடிக்கொண்டிருக்கலாம்.